அப்பா ஏறிப் போன ரயில்

இரும்புக் கம்பி காரின் முன்கண்ணாடியை உடைத்தபோது தென்னரசு அண்ணன் ஒரு ஜோக்கின் நடுவில் இருந்தார். அந்த ஜோக் எப்படி முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண்ணாடித் தூள் என் மடியில் கொட்டியது. அவர் நெற்றி கிழிந்து, ரத்தம் புருவத்தில் தேங்கி, ஸ்டியரிங் மேல் சொட்டியது. கார் சாலையோரப் புளியமரத்தைக் குறிவைத்து ஓடி, ஒரு முழம் முன்னால் நின்றது. வலப்பக்கம் உரசிய பைக் முன்னால் போய் வட்டமடித்து இடப்பக்கமாகத் திரும்பி வந்தது. அதில் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கம்பியை மறுபடியும் ஓங்கினான்.

இந்தத் தடவை அவன் பார்த்தது என்னை.

முன் சீட்டில் இருந்த ஆதிலட்சுமி மேடம் அவசரமே படாமல் தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பைக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் கதவை உதைத்துத் திறந்தார்.

'டமார்' என்று ஒரு சத்தம். ஓட்டியவன் கரும்புத் தோட்டத்துக்குள் போய் விழுந்தான். எழுந்தான், ஓடினான், காணாமல் போனான். கம்பி வைத்திருந்தவனின் கால் பைக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே அது வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது.

மேடம் இறங்கிப் போய் அவன் மணிக்கட்டின் மேல் ஷூவை வைத்தார். ரயில்வே போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, வேலூரில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறவர். என் அம்மாவின் ஊரான தெள்ளார்க்காரர். அந்த உறவில்தான் நான் போன் செய்ததும் தன் உதவியாளர் தென்னரசு அண்ணனோடு வந்தார்.

"யாருடா அனுப்பினது?"

"தெரியாதும்மா! போன்ல பேசினாரு... வண்டி நம்பர் குடுத்தாரு... பயமுறுத்தி அனுப்புன்னாரு..."

ஷூ அழுத்தியது. காய்ந்த புளியங்காயை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"பேரு! பேரு சொன்னாரும்மா! ஜெயவேலு! ஜெயவேலுன்னு சொன்னாரு!"

இறங்கப் போன நான் காரின் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

ஜெயவேல் என் அப்பா.

நான் அவரைப் பார்த்ததே இல்லை. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, ஒரு தை அமாவாசையன்று, கடைக்கு அனுப்ப வைத்திருந்த பட்டுப் புடவை மூட்டையோடு ஓடிப்போனவர். அமாவாசை என்றால் ஆரணியில் தறி ஓடாது. ஷெட்டில் ஆள் இல்லாத நாள் பார்த்துத் தூக்கிவிட்டார் என்று ஊரே பேசியது. அவர் திருடன் என்று தெரியாமல் ஆரணி ரோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயில் ஏற்றிவிட்டவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா தனகோடி. அம்மாவுக்கும் எனக்கும் சோறு போட்டு வளர்த்தவரும் அவரே.

போன வாரம் எங்கள் தறி ஷெட்டில் அம்மா மண்டை பிளந்து கிடந்தார். இப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் இருக்கிறார். பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிய ஆளைப் பெரியப்பா பார்த்தாராம். நடையை வைத்தே தம்பி என்று தெரிந்துவிட்டதாம். போலீஸ் அப்பாவைத் தேடுகிறது. அவர் அம்மாவை முடிக்க மறுபடியும் வருவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அடுத்து நான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

மேடம் அடிபட்டவனை அவன் துண்டாலேயே மைல் கல்லோடு கட்டிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். தென்னரசு அண்ணன் தலையைச் சுற்றி லுங்கித் துணி ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், இன்சூரன்ஸ் போடுங்கன்னா கோச்சிக்கிறீங்க. இப்ப பாருங்க, என் மூளை வெளிய வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு."

"மூளை வந்ததுக்குச் சாட்சி இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப வண்டிய எடு."

கண்ணாடி இல்லாத காரில் காற்று முகத்தில் அறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் மேடம் திரும்பாமலே கேட்டார்.

"பாப்பா, உங்கப்பா ரயிலேறின ஸ்டேஷனுக்கு நாம இன்னிக்கு விசாரிக்கப் போறது யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம். பெரியப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். வெயில்ல போறியேன்னு பாட்டில்ல மோர் ஊத்திக் குடுத்தாரு."

மேடம் திரும்பி என் காலடியில் உருண்டுகொண்டிருந்த மோர் பாட்டிலைப் பார்த்தார்.

"நல்ல பெரியப்பா," என்றார் தென்னரசு அண்ணன். "எங்க பெரியப்பா என் மோரையும் சேத்துக் குடிப்பாரு."

"ரொம்ப நல்லவருண்ணா. தை அமாவாசைக்குப் பச்சைத் தண்ணி தொடமாட்டாரு. தாத்தா போட்டோ முன்னாடி படையல் போட்டுட்டு, அப்பால ஷெட்டுக்குப் போய் தறிக்குன்னு தனியா ஒரு எல போடுவாரு. வடை, பாயசம் எல்லாம் வச்சு. சின்னப் புள்ளைலேருந்து அந்த எல வடை எனக்குத்தான்."

"தறி வடை சாப்பிடுமா? எங்க வீட்டு மிக்ஸிக்கு நான் இதுவரைக்கும் ஒரு போண்டா கூடக் குடுத்ததில்லையே! ஆமா, உங்க ஷெட்டு மூலைல தரையில கடப்பாரை போட்ட ஓட்டை ஒண்ணு பாத்தேனே, எலி புடிக்கவா?"

"அது அம்மா போட்டது. அங்க அப்பாவோட குழித்தறி இருந்துச்சாம். குழிக்குள்ள கால விட்டு உக்காந்து நெய்வாங்கள்ல, அது. பெரியப்பா குழிய மூடி சிமெண்ட் போட்டு, பக்கத்துல பவர்லூம் எறக்கிட்டாரு. அத மறுபடி தோண்டி கைத்தறி போடணும்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னுகினு இருந்தாங்க."

"பெரியப்பா இன்னா சொன்னாரு?" என்றார் மேடம்.

"மோட்டார் அதிர்வுல குழி சரிஞ்சிடும், வேணாம்னாரு."

அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

ஆரணி ரோடு என்று மஞ்சள் பலகை சொல்கிறது. ஆனால் அது இருக்கும் ஊர் களம்பூர். எங்கள் ஊருக்குள் ரயில் கிடையாது. ஆரணிக்காரர்களுக்கு ரயில் என்றால் காட்பாடிதான். அதற்கும் பஸ்ஸில்தான் போவோம். இத்தனை பக்கத்தில் இருந்தும் நான் அந்த ஸ்டேஷனைப் பார்த்தது அன்றைக்குத்தான். உயரமான புது பிளாட்பாரம், மேலே மின்கம்பி, ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதன் கீழே இரண்டு ஆடுகள். பக்கவாட்டில் பழைய தாழ்ந்த பிளாட்பாரத்தின் மிச்சம் புல் மூடிக் கிடந்தது.

வெளியே ராமதாஸ் என்பவரின் டீக்கடை. ரத்தம் ஊறிய தலைக்கட்டைப் பார்த்ததும் அவர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னாப்பா இது, ரயில்ல மோதிக்கினியா?"

"ரயில் வந்தாத்தானே அண்ணே மோத முடியும்," என்றார் தென்னரசு அண்ணன். "ஸ்டேஷன் இங்க, ஆரணி அங்க. நடுவுல இத்தினி தூரம். எந்த மகராசன் பண்ண வேல இது?"

"அதுக்கு மூணு கதை இருக்கு. வெள்ளைக்காரன் ஆத்து மணல்ல பாலம் நிக்காதுன்னு வெலகிட்டான்னு ஒருத்தர் சொல்வாரு. ஆரணிப் பெரிய மனுசங்களே புகை ஆவாதுன்னு தொரத்தி வுட்டாங்கன்னு ஒருத்தர். தண்டவாளம் போட்டவன் குடிச்சிட்டுப் போட்டான்னு எங்க மாமா. எது நெசமோ, யாருக்குத் தெரியும்?"

"மாமா கட்சிதான் நானு."

மேடம் சிரிக்கவில்லை. அவர் பார்வை டீக்கடைச் சுவரில் இருந்தது. பிரேம் போட்ட ஒரு போட்டோ. வாழைக்கன்றும் மாலையும் கட்டிய ரயில் எஞ்சின், அதன் முன்னால் கூட்டம், கூட்டத்தின் ஓரத்தில் தலை நிறைய முடியோடு ராமதாஸ்.

"இது எப்ப எடுத்தது?"

"மீட்டர் கேஜ் கடைசி வண்டி மேடம். மார்கழி மாசம், பனி கொட்டுது. ஊரே வந்து அழுதுச்சு. அப்பால பெரிய லைன் போடணும்னு தண்டவாளத்தப் பிரிச்சிட்டாங்க. வருசக் கணக்கா ஒரு ரயில் இல்ல. கடைய மூடிட்டு வேலூர் ஓட்டல்ல இலை எடுத்தேன். பேஜாரான காலம்."

"நடுவுல ஒரு வண்டிகூட வரலையா? சரக்கு வண்டி?"

"தண்டவாளமே இல்ல மேடம். எதும்மேல வரும்?"

நான் போட்டோவின் அருகில் போனேன். எஞ்சினில் கட்டிய துணியில் தேதி எழுதியிருந்தது. டிசம்பர். நான் பிறந்ததற்கு முந்தின வருடம்.

அடுத்த மாதம் தை.

அப்பா ஏறிப் போன ரயில், அதற்கு முந்தின மாதமே செத்துப் போயிருந்தது.

"பெரியப்பா மாசத்த மாத்திச் சொல்லியிருப்பாரு மேடம்," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. "எத்தினியோ வருசம் ஆச்சு. மறந்திருப்பாரு."

"நெசவு வீட்ல யாரும் தேதி சொல்லமாட்டாங்க பாப்பா. அமாவாசையத்தான் சொல்வாங்க. தறி நிக்கிற நாளு மறக்காது. ரயில் நின்ன நாளுதான் தெரியாது."

"அதாவது மேடம்," தென்னரசு அண்ணன் தலைக்கட்டைத் தடவினார், "பொய் சொல்றதுக்கு முன்னாடி ஆளு ஒரு வாட்டியாவது இந்தப் பக்கம் வந்து டீ குடிச்சிருக்கணும்."

"ஜல்தியா வண்டிய எடு. இப்ப வீட்ல யாரு இருக்கா பாப்பா?"

"பெரியப்பா மட்டும்தான். நம்மள அடிச்ச விசயம் அவருக்குத் தெரியாது மேடம், பாவம்..."

சொல்லி முடிக்கும்போதே அந்தச் சொற்கள் என் வாயிலேயே கசந்தன.

ஆரணிக்குத் திரும்பியபோது மதிய வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஷெட்டில் ஒரு தறியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது, தறி ஓடவில்லை. மூலையில் பெரியப்பா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்டி நிறைய ஈரச் சிமெண்ட். அம்மா போட்ட ஓட்டையைப் பூசிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அவர் பார்வை முதலில் போனது தென்னரசு அண்ணனின் நெற்றிக்கு. "இன்னா ஆச்சு?" என்று கேட்கவில்லை.

"வாங்க மேடம். வாம்மா ஜெயப்ரியா. ஸ்டேஷன்ல ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணே ஒண்ணுதான் கொறையுதுங்க," என்றார் மேடம் பணிவாக. "தம்பிய ரயில் ஏத்தின கதைய இன்னொரு வாட்டி சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"எத்தினி வாட்டிங்க! தை அமாவாசை. தறி லீவு. பம்பாய் போறேண்ணா, காட்பாடி போய் மாறிக்கறேன்னான். நான்தான் கூட்டிகினு போனேன். நல்ல கூட்டம். ஜன்னல் ஓரமா எடம் புடிச்சுக் குடுத்தேன். வண்டி நகரச்சொல்ல கண்ணு கலங்கிட்டான். பிளாட்பாரத்துல நின்னு கைய ஆட்டிகினே இருந்தேன்."

கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான கதை. அந்த ஜன்னலில் தெரியும் முகத்தைச் சின்ன வயதில் எத்தனையோ முறை வரைந்து பார்த்திருக்கிறேன்.

"வண்டி எதும்மேல நகர்ந்துச்சு?" என்றார் மேடம்.

"இன்னாது?"

"தண்டவாளம் இல்லையே. மார்கழியோட வண்டிய நிறுத்திப் பிரிச்சிட்டாங்களே."

பெரியப்பாவின் கரண்டியிலிருந்து சிமெண்ட் ஒரு கட்டியாகத் தரையில் விழுந்தது.

"தம்பி எந்த ரயில்லயும் ஏறல. அப்ப போன வாரம் சுவர் ஏறிக் குதிச்சவன் யாரு? காலைல ஜெயவேலுன்னு பேர் சொல்லி ரௌடிகளுக்குப் போன் பண்ணவன் யாரு? எங்க வண்டி நம்பரு இந்தத் தெருவுல உங்களுக்குத்தானே தெரியும்?" மேடம் ஒரு அடி முன்னால் வைத்தார். "தறிக்குப் பூஜைன்னா ஆயுத பூஜைல போடுவாங்க தனகோடி. அமாவாசைல எல போடறது செத்தவங்களுக்கு. உசுரோட ஓடிப்போன தம்பிக்கு வருசா வருசம் வடை பாயசம் படைச்சிருக்கீங்க. எந்த எடத்துல அந்த எலய போடுவாரு பாப்பா?"

என் கண் அந்த இடத்துக்குப் போனது. பெரியப்பா மண்டியிட்டிருந்த அதே மூலை.

அந்த இலை வடைகளை எல்லாம் நான்தான் தின்றிருந்தேன்.

அடுத்த நொடி ஈரச் சிமெண்ட் சட்டி பறந்து வந்து தென்னரசு அண்ணனின் முகத்தில் கவிழ்ந்தது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். பெரியப்பா சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துச் சுழற்றினார். மேடத்தின் தோளில் அது இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் மோட்டார் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அவர் நூல் மூட்டைகளின் மேல் சரிந்தார்.

நான் வாசலைப் பார்த்து ஓடினேன். பெரியப்பாவின் வலது கை பின்னாலிருந்து வந்து என் கழுத்தை வளைத்தது. சின்ன வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய கை. அது என் குரல்வளையை நசுக்கியது.

"உங்கம்மா மாதிரியே நீயும் பண்ணிட்டியேடி! தோண்டாத, தோண்டாதன்னு கால்ல வுழுந்து கேட்டேன். கேட்டாளா?"

"அப்பா... இன்னா பண்ணாரு?"

"ஜரிகைல கலப்படம் பண்றேன்னு கடைக்காரன்கிட்டச் சொல்லுவேன்னான். குழில எறங்கி நின்னுகினு என்னப் பாத்துத் திருடான்னான். தறிக்கட்டையால ஒரே அடி. ஒரே அடிதான்டி! எழுந்திருப்பான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துகினே இருந்தேன். அன்னிக்குன்னு ஒரு ஆளு வரல. எவனாச்சும் வந்திருந்தா ஆஸ்பத்திரிக்காவது தூக்கியிருப்பேன்!"

அவர் அழுதார். அழுதுகொண்டே கழுத்தை இறுக்கினார். என் கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. திமிறலில் இருவரும் தறியின் மேல் சாய்ந்தோம். விழாமலிருக்க அவர் இடது கையை நீட்டி, நெய்த துணியின் மேல், நூல் இறங்குகிற இடத்தில் ஊன்றினார்.

என் கை தறியின் ஓரத்தில் எதையோ தொட்டது. பார்க்காமலே தெரிந்தது. தறியை ஓட்டும் கைப்பிடி.

தள்ளினேன்.

தறி ஒரே துள்ளலில் உயிர் பெற்றது. நூலை அடித்து நெருக்குகிற பலகை அவர் விரல்களை அடித்தது. திரும்பிப் போனது. மறுபடியும் வந்து அடித்தது. பெரியப்பா போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். என் கழுத்து விடுபட்டது. மாம்பழ நிறப் பட்டின் மேல் சிவப்பு தெறித்து, அடுத்தடுத்த இழைகளோடு சேர்ந்து நெய்யப்பட்டுக்கொண்டே போனது.

தென்னரசு அண்ணன் குத்துமதிப்பாகத் தவழ்ந்து வந்து மோட்டாரை நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலே பெரியப்பாவின் இடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்து கேட்டார்.

"மேடம், நான் உக்காந்திருக்கறது சரியான ஆளுமேலதானே?"

"சரியான ஆளுதான்," என்றார் மேடம், உடைந்த தோளைப் பிடித்தபடி. "எழுந்திரிச்சிடாத."

போலீஸ்காரர்கள் வந்து சிமெண்டை உடைத்தார்கள். வெளியே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. மண்ணுக்குள்ளிருந்து முதலில் வந்தது மட்கிய பட்டின் நடுவே மின்னிய ஜரிகை. புடவை மூட்டையும் ஆரணியை விட்டுப் போகவில்லை. அதை விலக்கியபோது, கறுத்துப்போன ஒரு வெள்ளி அரைஞாண். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குத் தன் அப்பா போட்டது என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னது. அந்த இடத்துக்கு மேல்தான் பாய் விரித்து நான் ஸ்கூல் பாடம் எழுதுவேன். ஓடிப்போன அப்பா என்று திட்டியதும் அங்கே உட்கார்ந்துதான்.

அம்மா கண் திறந்தது அதற்கு மூன்றாம் நாள். கட்டிலின் இந்தப் பக்கம் தோளில் மாவுக்கட்டோடு மேடம், கதவருகில் கண்ணில் பஞ்சு ஒட்டிய தென்னரசு அண்ணன். அம்மாவின் உதடு அசைந்தது. காதை வைத்தேன்.

"கடப்பாரைய... புடுங்கிட்டாருடி. குழிய..."

"நாங்க தோண்டிட்டோம்மா." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அப்பா எங்கியும் போவலம்மா. அங்கியேதான் இருந்தாரு."

அம்மா என்னையே பார்த்தார். நெற்றிக் கட்டுக்குக் கீழே, நர்ஸ் துடைத்த பிறகும், இத்தனை வருடமும் வைத்த குங்குமத்தின் தடம் மங்கலாகத் தெரிந்தது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பிறகு கேட்டார்.

"அமாவாசை எப்ப பாப்பா?"

நான் கேலண்டரைத் தேடித் திரும்பினேன். தென்னரசு அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு அவரிடம் ஒரு ஜோக்கும் இல்லை.